பிரிக்காமல் வந்த ஆறாவது பை

ஒட்டன்சத்திரத்தில் காய் லோடு ஏற்றி வடக்கே லாரி ஓட்டிப் போன என் வீட்டுக்காரர் இன்று திரும்பினார்.

பெட்டியைக் கிளறாமல் இருக்கட்டும் என்று பேக்கிங் க்யூப் வாங்கி, நாளுக்கு ஒன்றாக அந்த ஆறு ஜிப் பைகளில் துணி வைத்து அனுப்பியிருந்தேன்.

ஆறாவதை அவர் திறக்கவே இல்லை.

“ஏங்க, ரெண்டு நாளா ஒரே சட்டையா?” என்று கத்தினேன்.

“அது பாப்பா மடிச்சு வச்சதுல்ல. கலைக்க மனசு வரல.”

யூகேஜி படிக்கும் எங்கள் மகள் மடித்தது என்றால், பந்தாகச் சுருட்டி அமுக்கியது.

பள்ளி விட்டு வந்தவள் முகம் வாடிவிட்டது. “அப்பா, நான் வச்சதப் போடவேயில்லையா?”

உடனே எடுத்துப் போட்டுக்கொண்டார். நான் இஸ்திரிப் பெட்டியை எடுத்தேன். இருவரும் முறைத்தார்கள்.

அந்தக் கசங்கலோடுதான் இப்போது திண்டுக்கல் கடைவீதிக்குப் போயிருக்கிறார்கள்.

திண்டுக்கல்காரர்களே, வழியில் பார்த்தால் என்னைத் திட்டாதீர்கள்.