தாய்மாமன் கொண்டுவந்த சோப்பு

மணிமுத்தாறு போகும் வழியில் ஒரு சாஸ்தா கோயில். என் மகளுக்குக் காதுகுத்து. நீண்ட வரிசையில் நாங்கள் கடைசி. முதலாவதாக இருந்த குடும்பத்தின் பிள்ளையை மடியில் வைத்திருந்த தாய்மாமனின் பட்டுச் சட்டைப்பையில் சோப்பு டப்பா துருத்திக்கொண்டிருந்தது. சுருங்கிப்போன தன் ஒரு காதுமடலைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“அண்ணாச்சி, கையக் கழுவிட்டு, புது ஊசி எடுங்க,” என்று டப்பாவை நீட்டினார்.

காது குத்தும் ஆசாரி சீறினார். “நல்ல நேரம் போகுதுவே!”

“போகட்டும். எனக்குக் காது பழுத்தது போதும்.”

வம்பு பிடித்த ஆள் என்றுதான் நினைத்தேன். ஆசாரி முணுமுணுத்தபடி குழாயடிக்குப் போனார்.

காதுகுத்து முடிந்து அந்தத் தாய்மாமன் கிளம்பும்போது, “சோப்ப மறந்துட்டீங்களே?” என்றேன்.

“இங்கனயே இருக்கட்டும்மா. உங்க பிள்ளைக்கும் வேணும்லா.”

எங்கள் முறை வந்தபோது, யாரும் சொல்லாமலே ஆசாரி குழாயடிக்குப் போனார். சோப்பு அதற்குள் பாதியாகத் தேய்ந்திருந்தது.