கூடாரத்துக்குப் பால் காய்ச்சினேன்

கூடாரத்துக்குக் கிரகப்பிரவேசம் நடத்தியவன் நான். வேறு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரிவதைவிட நானே முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆள் படுக்கிற, சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு போகிற நைலான் கூடாரம் அது. அதன் வாசலில் எலுமிச்சம்பழம் நறுக்கிக் குங்குமம் தடவி வைத்தேன். பால் காய்ச்சினேன். கற்பூரம் கொளுத்தினேன். என் வயதுக்காரர்கள் பேரப்பிள்ளைகளுக்குக் காது குத்திக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த வயதில் எனக்குக் கூடாரம் எதற்கு என்றால், என் மகளுக்காக. அவள் அம்மா போன பிறகு செங்கல்பட்டில் எங்கள் வீட்டில் நாங்கள் இருவர்தான். “சாப்டியா?” என்பேன். “ம்” என்பாள். நான் ஒரு ஜோக் அடிப்பேன். அவள் எழுந்துபோய்த் தட்டைக் கழுவுவாள். அவளுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்துவிட்டது. போய்விட்டால் வருஷத்துக்கு ஒருமுறை வந்தால் உண்டு. கிளம்புவதற்கு முன்னால் சிநேகிதிகளோடு மலையேறப் போவதாகச் சொன்னவள், கையில் இருந்த தோசையைப் பார்த்துக்கொண்டே, “நீயும் வரியாப்பா?” என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன், பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று.

“உன்னைத்தான். ஆனா உன் டென்ட்டை நீதான் தூக்கணும். ரெண்டு கிலோவுக்கு மேல இருக்கக்கூடாது. உன் முதுகு தாங்காது.”

என் முதுகுத்தண்டில் ஒரு வட்டு விலகி இருக்கிறது. மற்ற வட்டுகள் அதைப் பார்த்துக் கெட்டுப்போய்க்கொண்டிருக்கின்றன. நான் வேலை பார்ப்பது லாரி புக்கிங் ஆபீசில். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் சுமைக்கு எடை போட்டவன், முதல் தடவையாக என் சுமைக்கு எடை பார்க்க ஆரம்பித்தேன். எடை குறையக் குறைய விலை ஏறியது. காற்று மாதிரி லேசாக இருந்த கூடாரத்தின் விலைக்கு ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கி அதன் மேலேயே படுத்துக்கொள்ளலாம்.

முட்டுக்காடு தாண்டி, அலைச்சறுக்குப் பலகையும் மலையேற்றச் சாமானும் விற்கிற ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் என் பட்ஜெட்டைக் கேட்டுவிட்டுக் கூடாரங்கள் இருந்த பக்கத்தைத் தாண்டி நடந்தார். கடைசி அலமாரியிலிருந்து ஒரு சின்ன உருண்டையை எடுத்தார்.

“இத்தப் பாரு அண்ணாத்த. பிவின்னு பேரு. டென்ட்டே வாணாம். பை மாதிரி. உள்ள பூந்து ஜிப்ப இழுத்துகினா வேல முட்ஞ்சிது. ஒரு கிலோகூட கெடையாது. உன் டப்புக்கு இதுதான் கரெக்டு.”

“உள்ளே மூச்சு விடலாமா, இல்ல அதுக்குத் தனி பில்லா?”

“படுத்துதான் பாரேன்.”

கடைத் தரையில் அதை விரித்தார். கறுப்பு நிறம். நான் உள்ளே புகுந்து படுத்தேன். அவரே குனிந்து கால்பக்கத்திலிருந்து ஜிப்பை இழுத்தார். அந்தச் சத்தம் மார்புவரை வந்தது. கழுத்துக்கு வந்தது. முகத்துக்கு மேலே போனது.

தொற்றுக்காலத்தில் என் மனைவியை எங்களிடம் அப்படித்தான் கொடுத்தார்கள். கறுப்புப் பை, ஜிப் போட்டிருந்தது. தூர நிற்கச் சொன்னார்கள். முகத்தைக் காட்டும்படி நான் கேட்டேன். திறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

உள்ளேயிருந்து நான் உதைத்த உதையில் பக்கத்தில் அடுக்கியிருந்த தண்ணீர் பாட்டில்கள் உருண்டன. வெளியே வந்ததும், “எனக்கு இது கொஞ்சம் டைட்” என்று சொல்லிச் சிரித்தேன். கடைக்காரர் சிரிக்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

கடைசியில் ஆன்லைனில் மலிவாக ஒரு கூடாரம் வாங்கினேன். இரண்டு கிலோவுக்குள் என்று போட்டிருந்தான். ஆபீஸ் தராசில் வைத்தால் மூன்று கிலோவைத் தொட்டது. எங்கள் லோடுமேன் எட்டிப் பார்த்து, “இதுக்கு ஏன் அண்ணாத்த பேஜாரு? லாரில ஏத்தி உட்டுடு, மலைக்கு அதுவே போய்ச் சேந்துடும்” என்றான். துவைக்கும் முறை அச்சிட்ட துணுக்கைக் கத்தரித்தேன். உபரியாக இருந்த ஆணிகளையும் எடுத்து வைத்தேன். முள் நகரவில்லை. அன்று வீட்டுக்குப் போய் மகளிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். கம்பிகளைத் தனியாக உருவி எடுத்து, “இதை நான் தூக்கிக்கறேன். துணியை நீ எடுத்துக்கோ” என்றாள். அன்று ராத்திரி நான் ஜோக் எதுவும் அடிக்கவில்லை. தேவைப்படவில்லை.

ஒரு நிபந்தனை மட்டும் போட்டாள். கிளம்புவதற்கு முன்னால் யார் உதவியும் இல்லாமல் நானே கூடாரம் அடித்துக் காட்ட வேண்டும்.

எங்கள் வீட்டில் அதற்கு இடமில்லை. கடற்கரையில் அடித்தால் ரோந்து போலீஸ் வந்து எழுப்பிவிடும். திருவிடந்தைப் பக்கம் என் மனைவியின் தம்பிக்கு ஒரு சவுக்குத் தோப்பு இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கே போனேன். மகள் சாயங்காலம் ஸ்கூட்டரில் வருவதாக ஏற்பாடு. மணலில் ஆணி நிற்கவில்லை, ஒரு பக்கம் நட்டால் மறுபக்கம் பிடுங்கிக்கொண்டது. வெயில் தாழ்வதற்குள் எப்படியோ கூடாரத்தை நிற்க வைத்துவிட்டேன். கோணலாகத்தான் நின்றது. நானும் அப்படித்தான் நிற்கிறேன். எனக்கு வந்த சந்தோஷத்தை அடக்க முடியவில்லை.

மச்சான் சுற்றி வந்து பார்த்தான்.

“வூடு சோக்கா கீது மாமா. பால் காச்சாமயா உள்ள போவ?”

அவன் விளையாட்டுக்குத்தான் சொன்னான். அவனைத் தூக்குச்சட்டியோடு பால் வாங்க அனுப்பியது நான். அவன் மனைவியிடம் தட்டும் கற்பூரமும் கேட்டு வாங்கியதும் நான்தான். மகள் வரும்போது பார்த்துச் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது. வெளியே மூன்று செங்கல் வைத்து மூட்டிய அடுப்பில் பால் பொங்கியது. புது வீட்டுக்குள் வலது காலை எடுத்து வைக்க வேண்டும். இது தவழ்ந்து போகிற வீடு என்பதால் வலது முட்டியை எடுத்து வைத்தேன். கையில் கற்பூரத் தட்டு.

“நாலு மூலைக்கும் காட்டு மாமா.”

“இது உருண்டை வீடுடா, மூலைக்கு எங்கே போவேன்?”

அந்த நேரம் கடல்காற்று வாசல் வழியாக உள்ளே வந்தது. துணி வளைந்து தட்டின் மேல் இறங்கியது. எரியக்கூட இல்லை. நெருப்பைக் கண்டதும் துணி தானாகவே சுருங்கி நாலாபக்கமும் ஒதுங்கிக்கொண்டது. தலைக்கு மேலே தட்டு அகலத்துக்கு ஓட்டை. அதன் வழியாகச் சவுக்கு மரத்தின் உச்சி தெரிந்தது.

அதே சமயம் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

ஓட்டை வழியாகத் தலையை வெளியே நீட்டி, “சன் ரூஃப் வெச்ச மாடல்மா” என்றேன்.

மகள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே பார்த்தாள். எலுமிச்சம்பழத்தைப் பார்த்தாள், பாலைப் பார்த்தாள், தன் மாமாவைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“மலைமேல மழை பெய்யும்ப்பா.”

“பிளாஸ்திரி போட்டுடலாம்.”

“உனக்கு எல்லாமே விளையாட்டுதான் இல்ல?”

ஓட்டையிலிருந்து தலையை இழுத்துக்கொண்டேன். கற்பூரத்தை ஊதி அணைத்தேன். கருகிய நைலான் நாற்றம் தொண்டையில் இறங்கியது. வெளியே மச்சான், “நாந்தாம்மா சொன்னேன், மாமா மேல தப்பில்ல” என்று அவளைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தான். அவள் கம்பிகளைப் பிரிக்க ஆரம்பித்தாள். கூடாரம் என் மேலேயே மெதுவாகப் படிந்தது.

பிளாஸ்திரி நைலானில் ஒட்டவில்லை. டயர் டியூபுக்குப் போடுகிற பசையைத் தடவியதில் ஓட்டை இன்னும் பெரிதானது. வேறு கூடாரம் வாங்கக் கையில் ஒன்றுமில்லை. கிளம்புவதற்கு முந்தின நாள் ஆபீசில் இருந்தபோது மகளிடமிருந்து செய்தி வந்தது. சிநேகிதி ஒருத்தி ஒரு பிவி தருகிறாளாம், சும்மாவே. ‘ரொம்ப லேசுப்பா. உனக்கு அதுதான் சரி. வாங்கிட்டு வரட்டுமா?’

‘அதுல படுத்தா நான் தலையணை மாதிரி இருப்பேன்’ என்று அனுப்பினேன்.

‘விளையாடாத. வரியா இல்லையா?’

லாரி ஒன்று பின்னால் வந்து நின்றது. லோடுமேன் கூப்பிட்டான். நான் திரும்பவில்லை. அந்தக் கடைத் தரையில் படுத்ததை எழுதினேன், அழித்தேன். முதுகுவலி என்று எழுதினேன், அதையும் அழித்தேன். ஒரு ஜோக் யோசித்துப் பார்த்தேன், வரவில்லை. கடைசியில், ‘உங்கம்மாவை அப்படி ஒரு பையில ஜிப் போட்டுத்தான் கொடுத்தாங்க. என்னால அதுக்குள்ள படுக்க முடியாதும்மா’ என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

அவள் படித்துவிட்டாள் என்பதைத் திரை காட்டியது. எழுதுகிறாள் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. லாரி லோடு இறக்கி முடிந்து கிளம்பிப் போனது. அதற்குப் பிறகுதான் பதில் வந்தது.

‘தெரியும்ப்பா, அன்னிக்கு நானும் அங்கதான் நின்னேன். நீ வர வேணாம்.’