கண் உட்கார ஓர் இடம்

என் மேசைக்கு மேலே சுவரில் ஒரு தாளை ஒட்டி வைத்திருக்கிறேன். பதுளையில் நான் வேலை பார்த்த அச்சுக்கடையின் கலர் பிரிண்டரில், இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் எடுத்த படம் அது. நீலமெல்லாம் வெளிறிப்போய், படத்தில் இருக்கிற எல்லாரும் காமாலை கண்டவர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயம், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒற்றை அறைக் காம்பரா ஒன்றின் வாசற்படி. இடது ஓரத்தில் ஓர் அப்பா, அவர் தோளை ஒட்டியபடி மகன், இருவருக்கும் முன்னால் குந்தியிருக்கும் மகள். அந்த மகள்தான் என் கூட்டாளி. மூன்று பேரும் ஓரத்தில் நெருக்கியடித்துக்கொண்டிருக்க, மிச்சப் படம் முழுவதும் வெறும் படியும் வெறும் சுண்ணாம்புச் சுவரும்தான். இங்கே கொழும்பில் என் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "யாருங்க எடுத்தது? கேமரா பிடிக்கவே தெரியாதா?" என்று சிரிப்பார்கள். எடுத்தது நான்தான். அப்படித்தான் எடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவள் அவள்.

நாங்கள் இருவரும் பதுளையில் ஒரே கம்ப்யூட்டர் வகுப்பில் படித்து, ஒரே கடையில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் டவுன்காரி. அவள் தினமும் காலையில் பசறை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து சேருவாள். வகுப்பில் எங்களுக்கு வடிவமைப்பின் அடிப்படைகள் என்று சமநிலை, சீர், வேறுபாடு, வெற்றிடம் எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள். நான் அழகாகக் கொப்பியில் எழுதிக்கொண்டேன். அவளோ எல்லாவற்றையும் தோட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டாள். எழுத்துகள் ஒரே கோட்டில் தொடங்க வேண்டுமா, "பெரட்டுல நிக்கிற மாதிரி நிக்கணும்டி, ஒருத்தி முன்னால நின்னாலும் தொர பாத்துருவாரு" என்பாள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற அந்தப் பெரட்டை அவள் சின்ன வயதிலிருந்து பார்த்தவள். நிற வேறுபாடு என்றால் பச்சை மலையில் கொழுந்து பறிக்கிறவர்களின் சிவப்புச் சட்டை. எந்தப் பக்கத்தை வடிவமைத்தாலும் கொஞ்சம் பின்னால் தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்ப்பாள். "கண்ணு எங்கடி போயி ஒக்காரும்?" என்று கேட்பாள். கண் உட்கார ஓர் இடம் வேண்டும், அதைச் சுற்றி ஆள் நடமாட்டம் இருக்கக் கூடாது. இதுதான் அவளுடைய மொத்தப் படிப்பும். ஒரே காம்பராவில் அத்தனை பேரோடும் அடுப்புப் புகையோடும் வளர்ந்தவளுக்கு வெற்றிடத்தின் மேல் அப்படி ஒரு ஆசை. எனக்கு அப்போது அது பெரிதாக விளங்கவில்லை.

எங்கள் வாடிக்கையாளர்களுக்கும் விளங்கவில்லை என்பதுதான் ஒரே ஆறுதல். கடைக்கு வருகிறவை எல்லாம் கல்யாணப் பத்திரிகை, மரண அறிவித்தல், தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா நோட்டீஸ். திருவிழா நோட்டீஸ் என்றாலே எனக்குத் தலையிடி வந்துவிடும். உபயகாரர் பெயர்கள், தலைவர் பெயர், செயலாளர் பெயர், டிவிசன் வாரியாகக் கமிட்டிக்காரர்கள், இவர்களில் ஒருவர் பெயர் விட்டுப்போனாலும் திருவிழா அன்றைக்குத் தேர் நகராது. ஒரு முறை அவள் அம்மன் படத்தைச் சுற்றி நல்ல இடமாக விட்டு ஒரு நோட்டீஸ் செய்திருந்தாள். பார்க்கவே குளிர்ச்சியாக இருந்தது. கோயில் தலைவர் கண்ணாடியைப் போட்டு, கழற்றி, திரும்பப் போட்டுப் பார்த்தார். "எல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு. இந்த மூல சும்மாதான கெடக்கு? நம்ம சின்னக் கங்காணி பேரு ஒண்ணப் போட்டுவுடுங்க" என்றார். பின்னால் நின்றவருக்கும் ஒரு மூலை கிடைத்தது. கடைசியில் அம்மனுக்கு மூச்சு விட இடமில்லை. அவர்கள் போன பிறகு இவள் மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு இருக்கிறதே, முதலாளி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அவளுடைய அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை பார்த்தார். இவள் பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே போனவர். ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் "இந்த ஒரு தடவ மட்டும்" என்று புதுப்பித்துவிடுவார். லயத்தில் போன் கிடையாது. அதனால் வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைக்குத்தான் கூப்பிடுவார். சாப்பிட்டியா, தம்பி படிக்கிறானா, அப்பா குடிக்கிறாரா, இவ்வளவுதான் பேச்சு. அந்த வருஷமும் ஒப்பந்தம் முடிகிற நேரம் வந்தது. இந்த முறை அம்மா வந்துவிட வேண்டும் என்று இவள் தவித்துக்கொண்டிருந்தாள். ஆனால் போனில் கேட்க முடியவில்லை. "வான்னு சொன்னா, அய்யோ என்ன ஆச்சுன்னு பதறும். ஒண்ணும் ஆகலன்னு சொன்னா, அப்ப இன்னும் கொஞ்ச நாளு இருக்கேனேன்னு சொல்லும். என்னத்தடி பேசுறது?" என்று என்னிடம்தான் எரிந்து விழுவாள். தம்பிக்கு அம்மாவின் முகமே மறந்துகொண்டிருந்தது. அது அவளைத் தின்றுகொண்டிருந்தது.

அந்த வீட்டு மேடத்தின் மகளுக்குச் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் இருப்பதாகவும், அந்தப் பெண்ணுக்குத் தன்மேல் பிரியம் என்றும் அம்மா ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார். அவ்வளவுதான், இவளுக்குப் பொறி தட்டிவிட்டது. அம்மாவுக்கென்று இணையத்தில் ஒரு பக்கம் செய்யலாம், அந்தப் பெண் திறந்து காட்டுவாள்! இலவசமாக இடம் தருகிற தளங்கள் அப்போது வந்திருந்தன. ஒரே சிக்கல், அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பரவாயில்லை, படமாகவே பேசுவோம் என்று இறங்கினோம். லயம், கோயில், புதிதாகப் போட்ட தகரக் கூரை, தம்பியின் பள்ளிக்கூடச் சப்பாத்து, ஆட்டுக்குட்டி, அப்பாவின் புது மீசை என்று ஒன்றையும் விடவில்லை. நாலு பக்கமும் பூச்சரம், நடுவில் மின்னுகிற நட்சத்திரம், பின்னணியில் ரோஸ் கலர். வகுப்பில் படித்ததை எல்லாம் காற்றில் விட்டுவிட்டு, திருவிழாக் கமிட்டிக்காரர்களைவிட மோசமாக ரொப்பினோம். அம்மாவுக்கு எதைக் காட்டாமல் விடுவது? இணையத்துக்கும் போனுக்கும் ஒரே லைன் என்பதால், படங்கள் ஏறி முடியும்வரை கடைக்கு யாரும் பேச முடியாது என்று முதலாளி வேறு கத்திக்கொண்டிருந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா கூப்பிட்டார். சந்தோஷத்தில் சத்தமாகப் பேசினார், பக்கத்தில் இருந்த எனக்கே கேட்டது. "கண்ணு நெறஞ்சு போச்சு தாயி. வூடு எம்புட்டு நெறவா இருக்கு! ஒரு கொறையும் இல்ல. இனி எனக்கு எந்தக் கவலையும் இல்ல. மேடம் இன்னும் ரெண்டு வருசம் இருன்னு கேக்குறாங்க, இருந்துட்டே வாறேன்." இவள் "சரிம்மா" என்று மட்டும் சொன்னாள். போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அழுகிறாளோ என்று பயந்தேன். திரும்பியபோது முகத்தில் கோபம்தான் இருந்தது. "ஒரு எடம் வுடாம ரொப்பிட்டோம்டி. எங்கம்மா எங்க வந்து நிக்கும்?" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே நான் கடைக் கேமராவோடு அவளுடன் பஸ் ஏறினேன். வளைவுக்கு வளைவு குடல் வாய்க்கு வந்தது. லயத்து வாசலில் அவள் அப்பாவையும் தம்பியையும் இடது ஓரத்துக்குத் தள்ளினாள். நான் மாமா என்று கூப்பிடுகிற அவள் அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தவர், "என்னா புள்ள, என்னைய மூலையில நிப்பாட்டுற? நடுவுல எடம் இல்லையா?" என்றார். "நடு எடம் ஒங்களுதில்ல, சும்மா நில்லுங்க" என்று அதட்டினாள். நானும் சொன்னேன், இது சமநிலை கெட்டுப்போன படம், ஒரு பக்கம் சாய்ந்த தராசு மாதிரி இருக்கிறது என்று. "சாஞ்சுதான்டி இருக்கு எங்க வூடு" என்றாள். கடைசியாக ஒன்று சொன்னாள். யாரும் கேமராவைப் பார்க்கக் கூடாது, எல்லாரும் அந்த வெறும் படியைப் பார்க்க வேண்டும், படத்தில் இருக்கிறவர்கள் பார்க்கிற பக்கம்தான் பார்க்கிறவர்களின் கண்ணும் போகும். கரும்பலகையில் எழுதிப் போட்ட பாடம்தான் அதுவும். அன்றைக்குத்தான் எனக்கு அது முதல் தடவையாக நெஞ்சில் இறங்கியது.

பழைய பக்கத்தை அழித்துவிட்டு, வெள்ளைப் பின்னணியில் அந்த ஒரே படத்தை மட்டும் போட்டாள். பூ இல்லை, நட்சத்திரம் இல்லை, ஓர் எழுத்துகூட இல்லை. முதலாளி குனிந்து பார்த்து, "என்னம்மா, பாதியிலேயே லைன் கட்டாயிருச்சா?" என்று கேட்டார். எனக்கும் பயம்தான். வேறு ஒரு நாட்டில், யாரோ ஒருவரின் அறையில், கொஞ்ச நேரம் மட்டும் நின்று பார்க்கப் போகிறவருக்கு இது விளங்குமா? விளங்காமல் அங்கே கையெழுத்து வைத்துவிட்டால் இன்னும் இரண்டு வருஷம். அந்த வாரம் முழுவதும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மத்தியானச் சோற்றை என்னிடம் தள்ளிவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. இந்த முறை அம்மாவின் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. ரிசீவரை அவள் என் காதுப் பக்கம் சாய்த்தாள். "ஏன் புள்ள எல்லாம் ஓரமா நிக்கிறீங்க? யாருக்கு எடம் வுட்டிருக்கீங்க?" என்று மெதுவாகக் கேட்டார் அம்மா. இவள், "ஒனக்குத்தாம்மா" என்றாள். அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது, அது எந்தப் பக்கத்தில் என்று எனக்குத் தெரியவில்லை. நானும் அழுதுகொண்டுதான் இருந்தேன்.

அம்மா கையெழுத்து வைக்கவில்லை. சில மாதங்களில் வந்து சேர்ந்தார். பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல் அந்தப் படியில்தான் முதலில் உட்கார்ந்தாராம். இனி அந்தப் பக்கத்தை என்ன செய்வது என்று கேட்டேன். "இனி யாரு பாக்குறதுக்கு?" என்று சொல்லி அழித்துவிட்டாள். இணையத்தில் ஒரே ஒருவருக்காக இருந்து, அவர் வந்ததும் இல்லாமல் போன பக்கம் அது. சோதனைக்காக எடுத்த இந்தத் தாள் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.

பிறகு அவள் மொனராகலைப் பக்கம் கல்யாணமாகிப் போனாள். அங்கிருந்து புருஷனோடு கட்டார் போய், இப்போது விளம்பரப் பலகை செய்கிற இடத்தில் வேலை பார்க்கிறாள். நானும் கொழும்புக்கு வந்து இணையதளம் செய்து பிழைக்கிறேன். அவள் நம்பர் என்னிடம் இருக்கிறது. தீபாவளிக்கு ஒரு விளக்குப் படம், பொங்கலுக்கு ஒரு பானைப் படம், அதோடு சரி. "இந்த இடம் ஏன் சும்மா கிடக்கு, ஏதாவது போடுங்களேன்" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்ப்பேன், அவள் இருந்தால் என்னமாய்ச் சிரித்திருப்பாள் என்று. எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால், அவளை எனக்குத் தேடுகிறது. வேறு எப்படிச் சொல்ல? நாங்கள் இருவரும் சேர்ந்து நிற்கிற படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. எப்போதும் எடுக்கிறவள் நானாகவே இருந்துவிட்டேன்.

போன மாதம் பதுளைக்குப் போனபோது மனசு கேட்காமல் அந்தத் தோட்டத்துக்கும் போனேன். மாமா இறந்துவிட்டார், தம்பி கொழும்பில் கடை வேலை. அம்மா மட்டும் தனியாக இருந்தார். என் கையைப் பிடித்து வைத்துக்கொண்டு விடவே இல்லை. "தெனமும் போனுல மூஞ்சியப் பாக்குறேன் கண்ணு. பாத்து என்ன செய்ய? வாறேன் வாறேன்னுதான் சொல்றா" என்றார். கிளம்பும்போது, "ஒரு படம் புடிச்சு அவளுக்கு அனுப்பு புள்ள" என்றார். நான் போனைத் தூக்கி, வெளிச்சம் பார்த்து அவரைப் படியின் நடுவில் உட்கார வைத்தேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சேலையைச் சுருட்டிக்கொண்டு, மெல்ல மெல்ல இடது ஓரத்துக்கு நகர்ந்துபோய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். பக்கத்தில் காலியான படியைக் கையால் ஒரு தரம் தட்டித் துடைத்துவிட்டு, அதையே பார்த்தபடி, "போதுமா, இன்னும் தள்ளணுமா?" என்று கேட்டார். தள்ள இனி இடமில்லை. "போதும்மா" என்றேன்.

எதுவும் எழுதாமல் படத்தை மட்டும் அனுப்பினேன். அவள் பார்த்துவிட்டாள் என்று தெரிந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம், நான் இந்த மேசையில் இருக்கும்போது கூப்பிட்டாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்தக் குரல். எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. "ஏன்டி எங்கம்மா ஓரமா ஒக்காந்திருக்கு?" என்றாள். குரல் அப்போதே உடைந்திருந்தது. "யாருக்குடி எடம் வுட்டிருக்கீங்க?"

போனைக் காதில் வைத்தபடி மேலே சுவரைப் பார்த்தேன். வெளிறிய தாளில் அவள் குந்தியிருந்தாள், அந்த வெறும் படியைப் பார்த்துக்கொண்டு.

"ஒனக்குத்தான்டி" என்றேன்.