சிரித்ததற்கு ஒரு வார்னிங் லெட்டர்

வியாழக்கிழமை சாயங்காலம் சிரித்தேன். வெள்ளிக்கிழமை காலை கையில் வார்னிங் லெட்டர்.

(சத்தியமாக. கம்பெனி சீல் எல்லாம் வைத்து.)

வயிறு எரிகிறது. அதனால்தான் குளிக்காமல்கூட நெட் கஃபேயில் உட்கார்ந்து டைப் பண்ணிக்கொண்டிருக்கிறேன்.

துபாய் ஹோட்டல் ஹால்களுக்கு லைட் போடும் கம்பெனியில் எனக்கு வேலை. மேடையில் ஆள் எங்கே நகர்ந்தாலும், உயரத்தில் உட்கார்ந்து வெளிச்சத்தை அவர் முகத்திலேயே வைத்திருக்க வேண்டும். ஆறு வருஷமாக இதுதான் டூட்டி.

இந்த வாரம் வந்தவர் இங்கிலாந்துக் காமெடியன். அங்கே டிவியில் போட்டி நிகழ்ச்சி நடத்துகிறவராம். இரண்டு நாள் ஷோ.

மதியம் லைட் செட் பண்ணும்போதே எங்களிடம் பேச ஆரம்பித்துவிட்டார். அப்பா பஸ் டிரைவர். இவர் அதே பஸ்ஸில் இரண்டு வருஷம் கண்டக்டர். மழையில் நனைந்து கடுகடுவென்று ஏறுகிற ஜனத்தைச் சிரிக்க வைத்துப் பழகித்தான் மேடைக்கு வந்தாராம். மறக்காமல் இருக்க ஜோக்கை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்கிறார். (டிவியில் வருகிற ஆள், பரீட்சையில் பிட் அடிக்கிற மாதிரி.)

சாயங்காலம் ஹால் நிறைய கோட் சூட். அவர் அப்பா கதையை எடுத்தார்.

அம்மா மழையில் பையோடு ஸ்டாப்பில் நிற்கிறாள். அப்பா பஸ்ஸை நாற்பதடி தள்ளி நிறுத்துகிறார். பெண்டாட்டி என்றாலும் ஓடி வந்துதான் ஏற வேண்டும். அன்றைக்கு வீட்டுக்கு வந்த அப்பா, சாப்பாடு எங்கே என்று கேட்கிறார். அம்மா சொல்கிறாள்: "தெருமுனைத் தபால் பெட்டி மேல வச்சிருக்கேன். ஓடிப் போய்ச் சாப்பிடு."

ஹாலில் ஒரு சத்தம் இல்லை. பஸ் பின்னால் ஓடியிருந்தால்தானே சிரிப்பு வரும்?

புதுக்கோட்டையில் டவுன் பஸ் பின்னால் பத்து வருஷம் ஓடியவன் நான். என்னால் அடக்க முடியவில்லை. சிரித்த சிரிப்பில் லைட் ஆடி, வெளிச்சம் அவர் முகத்திலிருந்து நழுவித் திரைக்குப் போய்விட்டது.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இந்த ஹாலில் பஸ்ஸில் போனவர் ஒருவராவது இருக்கிறார்" என்றார். அதற்குத்தான் மொத்த ஹாலும் சிரித்தது. அதன் பிறகு ஷோ பிரமாதமாகப் போனது.

மறுநாள் காலை லெட்டர். 'விருந்தினர் முன் சத்தமாகச் சிரித்தது.'

கொடுத்தவர் எங்கள் சூப்பர்வைசர். தஞ்சாவூர்க்காரர், நம்ம ஆள்தான். அதுதான் இன்னும் எரிகிறது.

"சார், லைட் ஆடுனது தப்புதான். அதை எழுதுங்க. சிரிச்சதுக்கு எதுக்கு சார் லெட்டர்?"

"ஸ்டாஃப் சிரிக்கக் கூடாதுப்பா. கையெழுத்துப் போட்டுச் சாயங்காலம் கொண்டா."

கையெழுத்துப் போட்டால் அடுத்த மாச லீவ் கேன்சல். கம்பெனி ரூல்.

அடுத்த மாசம் என் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. குழந்தையை மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். அந்தக் குழந்தைக்கு இருக்கிற ஒரே மாமன் நான். பத்திரிகையும் அடித்தாகிவிட்டது. சிரித்ததற்காக என் மடியைக் கேன்சல் பண்ண இவர் யார்?

சவுண்ட் பார்க்கும் ஜெயரூபன் என் ரூம்மேட், யாழ்ப்பாணத்துப் பையன். "நீ ஏன் மச்சான் சிரிச்சனி? இஞ்ச சிரிக்கிறதுக்கும் விசா வேணும்" என்றான்.

மத்தியானம் சூப்பர்வைசர் மறுபடி வந்தார். குரலே மாறியிருந்தது.

"தம்பி, காமெடியன் உன்னைத்தான் லைட்டுக்குக் கேக்குறாராம். இன்னைக்கும் அந்த பஸ் ஜோக்குக்கு நேத்து மாதிரியே சிரிக்கணுமாம். மேனேஜர் ஆர்டர்."

கையெழுத்துப் போடாத அந்த லெட்டரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மேலே ஏறினேன்.

அதே கதை. அதே தபால் பெட்டி. அதே அமைதி.

காமெடியன் நிமிர்ந்து பார்த்தார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு லைட்டை ஆடாமல் பிடித்திருந்தேன். அவர் நெற்றியில் வியர்வை முத்து முத்தாகத் தெரிந்தது. பாவம், அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

காதில் மாட்டியிருந்த ஹெட்செட்டில் சூப்பர்வைசர் குரல்.

"தம்பி, சிரிப்பா."

"லெட்டர் சார்?"

"எந்த லெட்டர்?"

"என் பையில இருக்கே, அது."

"அதைக் கிழிச்சுப் போடுப்பா. கலாஸ், முடிஞ்சுது. லீவும் ஓகே. சிரி, சீக்கிரம்."

அதே லைனில் ஜெயரூபன்: "மச்சான், நான் சாட்சி. சிரி."

சிரித்தேன். காமெடியனுக்கு உயிர் வந்தது. 'பஸ்ஸில் போனவர்' வசனத்தை மறுபடி சொன்னார், ஹால் அதிர்ந்தது.

ஷோ முடிந்து கேபிள் சுற்றிக்கொண்டிருந்தபோது, பின்வாசல் பக்கம் தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு வந்த காமெடியன், என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எந்த நாள் நன்றாக இருந்தது என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்.

"நேத்து சிரிச்சது நான் சார். இன்னைக்குச் சிரிச்சது டூட்டி."

அவர் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனார்.

லீவ் கிடைத்துவிட்டது, காதுகுத்துக்குப் போகிறேன். ஆனாலும் கோபம் அடங்கவில்லை. நீங்கள் வேலை பார்க்கும் இடத்தில் சத்தமாகச் சிரித்து எத்தனை நாள் ஆகிறது, சொல்லுங்கள்?