வாசலில் நிற்கக் கூடாத ரயில்

நானும் அக்காவும் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்குப் பாசஞ்சர் ரயிலில் மீன் கொண்டுபோய் விற்பவர்கள். கூடை நாறுகிறது என்று மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள். அதனால் இடம் காலியாக இருந்தாலும் வாசலருகில் நிற்பதே எங்கள் வழக்கம்.

சென்னையில் வேலை பார்க்கும் என் மகள், தன்னைப் பார்க்க வரச் சொல்லி எங்கள் இருவருக்கும் அதிவேக ரயிலில் டிக்கெட் எடுத்திருந்தாள். அந்த ரயில் எங்கள் பக்கம் வராது. திருச்சிக்குப் பஸ்ஸில் போய் ஏறினோம். ஒரு தடவையாவது ஜன்னலோரம் உட்கார்ந்து போக வேண்டும் என்பது அக்காவின் வெகுநாள் ஆசை. ஜன்னலோர இருக்கையே அவளுக்குக் கிடைத்திருந்தது.

அந்த இருக்கையில், பக்கத்தில் இருந்தவர் தன் பையை வைத்திருந்தார். எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஆள் வருதுங்க" என்றார். அக்கா உடனே வாசலுக்குப் போய் நின்றுகொண்டாள். நான் அவள் பின்னாலேயே போய், கைப்பேசியில் டிக்கெட்டைத் தேடி எடுப்பதற்குள் கதவு தானாக மூடி, ரயில் கிளம்பிவிட்டது.

டிக்கெட் பரிசோதகர் வந்தார். "இங்க நிக்கக் கூடாதும்மா. உங்க சீட்டுல போய் உக்காருங்க."

"அங்க ஆள் வருதாம் சார்" என்றாள் அக்கா.

"ஓடுற வண்டியில எங்கேருந்து வருது?"

அவர் எங்களோடு நடந்து வந்தார். பை மேல்தட்டுக்குப் போனது. அக்கா புடவையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள்.

"எத்தனையோ வண்டி ஏறிட்டேன் தம்பி. வாசல்ல நிக்காதேன்னு என்னை விரட்டுன வண்டி இதான்" என்று பைக்காரரிடம் சொன்னாள்.

சென்னை வரும்வரை அவள் எழுந்திருக்கவே இல்லை. காபியைக்கூட ஜன்னலைப் பார்த்தபடியே குடித்தாள்.