காக் சைத்தோன் முந்திக்கொண்டாள்

காக் சைத்தோனைப் பற்றி எழுதச் சொன்னால் சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் யாரும் நல்லதாகத்தான் எழுதுவார்கள். நானும் நல்லதாகத்தான் எழுதப் போகிறேன். ஆனால் வயிறு எரிய எரிய எழுதுகிறேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நேரில் காக், அதாவது மலாயில் அக்கா, என்று கூப்பிட்டு நீங்க, வாங்க என்று மரியாதையாகத்தான் பேசுவேன். எழுத உட்கார்ந்தால் அவள், இவள் என்றுதான் வருகிறது.

அறுபத்தொரு வயது. தொடக்கப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் இருபத்திரண்டு வருடமாகத் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் விற்கிறாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள், ஆனாலும் என்னை அண்ணே என்பாள். இங்கே தமிழ் ஆள் என்றால் மலாய்க்காரர்களுக்கு அண்ணேதான். புருஷன் ஜுமாட் டாக்சி ஓட்டினார். பதினான்கு வருடம் முன்பு, கையில் கறிகாய்ப் பையோடு மின்தூக்கி வாசலில் விழுந்தார். பத்துப் பேர் சுற்றி நின்று ஆம்புலன்ஸ் வருகிறதா என்று தெருவைப் பார்த்தோம். அதில் நானும் ஒருவன். ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியவில்லை, ஆள் போய்விட்டார்.

அதனால்தான் அவள் முதலுதவித் தொண்டூழியர் ஆனாள். நான் ஆனது வேறு காரணத்துக்கு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றபின் வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. சமூக மன்றத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொம்மையின் நெஞ்சை அமுக்கப் பழக்கினார்கள். நெஞ்சு நின்று போனவருக்கு அதிர்ச்சி கொடுக்கும் பெட்டியை எப்படித் திறப்பது, எங்கே ஒட்டுவது எல்லாம் காட்டினார்கள். வகுப்பிலேயே என் அமுக்கல்தான் சுத்தம் என்றார் பயிற்றுநர். காக் சைத்தோனை இரண்டு முறை, முழங்கையை மடக்காதீங்க என்று திருத்தினார்.

அப்புறம் என்ன நடந்தது? இரண்டு வருடத்தில் இரண்டு உயிர். இரண்டும் அவள் கணக்கில்! பெட்டி தொங்குவது கீழே மின்தூக்கி பக்கத்தில். அவள் வீடு இரண்டாம் மாடி, என் வீடு பதினொன்று. பக்கத்தில் யாருக்காவது நெஞ்சு நின்றால் தொண்டூழியர் எல்லாருடைய கைப்பேசியும் அலறும். அலறினால், நான் மின்தூக்கிக்குக் காத்து நிற்கும் நேரத்தில் அவள் படியிறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். நான் போய்ச் சேரும்போது ஆம்புலன்ஸ் கதவைச் சாத்திக்கொண்டிருப்பார்கள். பிழைத்தவர்களோடு அவள் நிற்கும் படத்தை மின்தூக்கிக்குள் ஒட்டிவிட்டார்கள். பால் வாங்கப் போனாலும் அவள் முகத்தில் முழித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

பள்ளி விடுமுறை வந்தது, இனி அவள் நாள் முழுக்க வீட்டில்தான் இருப்பாள். நான் கீழ்த்தளத்தில், பெட்டிக்குப் பக்கத்துக் கல்மேசையில் குடியேறினேன். காலையில் செய்தித்தாளோடு உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பேன். என் மனைவி மனோன்மணி கீழே வந்து பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தாள்.

"எவனாவது விழுவானான்னு கழுகு மாதிரி உக்காந்திருக்கீங்களே, வெக்கமா இல்ல?"

இல்லை. துளியும் இல்லை. யாராவது விழட்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவில்லை. விழுந்தால் இந்த நேரத்தில் விழட்டும் என்றுதான் நினைத்தேன்.

பதினைந்தாம் நாள், காலை ஒன்பதரைக்குக் கைப்பேசி அலறியது. எதிர்ப் புளோக் கோப்பிக் கடை. நான் பெட்டியை உருவிக்கொண்டு ஓடினேன்.

எங்கள் பேட்டைத் தொண்டூழியர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பெட்டியை எடுத்தவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரே வார்த்தை போட வேண்டும்: அம்பில். எடுத்தாச்சு என்று அர்த்தம். அதைப் பார்த்தால் மற்றவர்கள் பெட்டியைத் தேடாமல் நேராக ஆளிடம் ஓடுவார்கள். ஒரு கை போதும், ஓடிக்கொண்டே போடலாம். நான் போடவில்லை. போட்டால் அவள் நேராக வந்து என் பக்கத்தில் முட்டி போட்டிருப்பாள். இந்த ஒரு தடவையாவது நான் மட்டும் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

விழுந்து கிடந்தது கோப்பி கலக்கும் பூன் கியாட். தினமும் எனக்குச் சர்க்கரை குறைத்துக் கலக்கித் தருபவர். அவர் மனைவி அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றாமல் நின்றாள். சட்டையைக் கிழித்து, வியர்வையைத் துடைத்து ஒட்டினேன். தொடாதே என்றது பெட்டிக்குள் பேசும் குரல். அதிர்ச்சி கொடுத்தது. உடம்பு ஒரு துள்ளு துள்ளியது. அமுக்கு என்றது. அமுக்கினேன்.

பொம்மையை அமுக்குவது வேறு, மனுஷனை அமுக்குவது வேறு. இரண்டு நிமிடத்தில் தோள் கழன்றுவிட்டது. பெட்டி மறுபடி சோதித்துவிட்டு, அமுக்கிக்கொண்டே இரு என்றது. யாராவது வந்து மாத்துங்க என்று கத்தினேன். ஒருவருக்கும் தெரியவில்லை, தெருவைப் பார்த்தார்கள். என் கை பிசைந்த மாவு போலத் தளர்ந்துவிட்டது. பூன் கியாட்டின் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. அப்போது நானும் தெருவைத்தான் பார்த்தேன். காக், எங்கே தொலைஞ்சீங்க என்று வாய்விட்டே சொன்னேன்.

எங்கே தொலைந்தாள்? காலிக் கொக்கியைப் பார்த்துவிட்டு, குழுவில் வார்த்தை இல்லாததால் எவனோ திருடிவிட்டான் என்று நினைத்து, மூன்று புளோக் தள்ளி இருக்கும் பெட்டிக்கு ஓடியிருக்கிறாள். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒரு கால் செருப்பில்லாமல் வந்து நின்றாள். என் பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"நகருங்கண்ணே."

முழங்கையை மடக்காமல் அமுக்கினாள். நான் மூச்சு வாங்கினேன், பிறகு மாற்றிக்கொண்டேன், மறுபடி அவள். இரண்டாவது அதிர்ச்சிக்குப் பிறகு பூன் கியாட் முனகினார். ஆம்புலன்ஸ் அதிகாரி, முதலில் வந்தது யார் என்று கேட்டார். இவருதான், எல்லாம் இவரு செஞ்சதுதான் என்று என்னைக் காட்டினாள். கடையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். இரண்டு வருடமாக நான் கேட்டுக் காத்திருந்த சத்தம் அது. காதில் வாங்க முடியவில்லை.

திரும்பும்போது இருவரும் ஆளுக்கொரு பெட்டியோடு நடந்தோம். அவள் நொண்டினாள். என்னால் பொறுக்க முடியவில்லை.

"காக், குழுவுல நான் மறந்து போடாம விட்டது இல்ல. வேணும்னுதான் போடல."

"தெரியும்ணே."

"அப்புறம் ஏன் அந்த அதிகாரிகிட்ட சொல்லல?"

"சொன்னா நாளைக்கு நீங்க வருவீங்களா? வரமாட்டீங்க. எனக்கு முட்டி போச்சு. அடுத்த வருஷம் என்னால ஓட முடியுமோ என்னமோ. எனக்கு ஆள் வேணும்ணே."

கொக்கியில் பெட்டியை மாட்டிவிட்டு, மற்றதைத் திருப்பி வைக்க மூன்று புளோக் தாண்டிப் போனாள். நான் கொண்டுபோகிறேன் என்றேன், கொடுக்கவில்லை.

பூன் கியாட் பிழைத்துவிட்டார். கைப்பேசி அலறினால் இப்போது பெட்டியைக் கொக்கியிலிருந்து எடுத்த கையோடு அம்பில் போட்டுவிடுகிறேன். ஆனால் வயிற்றெரிச்சல் போகவில்லை. முன்பு அவள் கால் வேகத்தைப் பார்த்து எரிந்தேன். இப்போது, அந்த அதிகாரி கேட்ட நொடியில் என்னை விட்டுக்கொடுக்காமல் நின்றாளே, அந்த மனசைப் பார்த்து எரிகிறேன்.