மேஜை மேல் ஒரு சின்னக் கொடி

ராஜகீழ்ப்பாக்கத்தில் இன்று நண்பனுடன் பஃபேக்குப் போனேன். மேஜை நடுவே அடுப்பு, பக்கத்தில் அலங்காரத்துக்கு ஒரு சின்னக் கொடி. சுவரில், 'உணவை மிச்சம் வைத்தால் அபராதம்.'

சர்வர் கேட்காமலே சிக்கன் செருகிய கம்பிகளை அடுப்பில் அடுக்கினார். தின்று முடித்தால் மறுபடி அடுக்கினார். தொண்ணூறுகளில் தாம்பரம் மெஸ்ஸில் பழகியபடி, போதும் என்று தட்டுக்குக் குறுக்கே கையை வைத்தேன். அவர் தட்டைப் பார்க்கவே இல்லை.

"துன்னுடா மச்சான், ஃபைன் போட்ருவான்," என்று நண்பன் நடுங்கினான்.

எனக்கு மூச்சு முட்டியது. சர்வரின் நிழல் தெரிந்தாலே தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"அண்ணா, எப்பதான் நிறுத்துவீங்க?" என்று கெஞ்சினேன்.

"அந்தக் கொடிய எறக்கினா நிறுத்திடுவோம் சார். இது ஸ்டார்ட்டர்தான். பிரியாணிலாம் அந்தாண்ட கீது."

அந்தப் பக்கம் திரும்பவே பயந்து ஓடி வந்துவிட்டோம்.

பிரியாணி எப்படி இருக்கும்? சாப்பிட்டவர்கள் சொல்லுங்கள், காசு கொடுத்தாயிற்று.